குடத்தில் வெட்டிய பெயரும் கோயிலில் சொன்ன பெயரும்

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அது தவறு. கூச்சக்காரனுக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. அதனால் கேட்பவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிடுவான். எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பேருக்கும் ஆட்டிவிடுவான். அப்புறம் ஒரு நாள் அந்த இரண்டு தலையாட்டலும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். எனக்கு அது கோயிலுக்குள், மைக்குக்கு முன்னால், ஊரே பார்க்க முட்டிக்கொண்டது. (ஊரெல்லாம் இல்லை, முன்னால் நாலு பெஞ்சுதான் நிறைந்திருந்தது என்கிறாள் என் மனைவி லூர்து. மைக் முன்னால் நின்றவள் அவள் இல்லை.)

திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நான் பேர் வெட்டுகிறவன். சீர்ப் பாத்திரம், மொய்க் குடம், பிறந்த பிள்ளைக்குக் கிண்ணம், எதுவானாலும் என்னிடம் வரும். பத்தாவது முடித்த கையோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மிஷின் நாள் முழுக்கக் ‘கிர்ர்’ என்று கத்திக்கொண்டே இருக்கும். யாரும் என்னிடம் பேச முடியாது, நானும் பேச வேண்டாம். என் குணத்துக்கு ஆண்டவர் பார்த்துக் கொடுத்த வேலை.

பேர் எப்படியெல்லாம் மாறியது என்று என் விரலுக்குத் தெரியும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மூக்கம்மாள், வெள்ளைச்சாமி, அந்தோணியம்மாள், ஷேக் அப்துல்லா என்று வெட்டிக்கொண்டிருந்தேன். மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் வந்தால் டம்ளரை முழுச் சுற்றுச் சுற்றி, கடைசி எழுத்து முதல் எழுத்தின் முதுகில் இடிக்கும். பிறகு ரமேஷ், சுரேஷ், செல்வி காலம். ஒரே தெருவுக்கு ஒரே பேரைத் திரும்பத் திரும்ப வெட்டியதில் கை தானாகவே ஓடும். அப்புறம் கார்த்திக்குகளும் பிரியாக்களும் வந்தார்கள். இப்போது தன்விகா, ரித்விக், அயான், ஆயிரா. எல்லாம் சின்னப் பேர்கள். கிண்ணத்தில் பாதி இடம் மிச்சமாகிவிடுகிறது. அதில் ஒரு பூ வரைந்து கொடுத்துவிடுவேன்.

எங்கள் கிறிஸ்தவ வீடுகளிலும் இதே கதைதான். அப்பா காலத்தில் ராயப்பன், சின்னப்பன், சவரிமுத்து, இன்னாசி. எங்கள் செட்டில் பாதிப்பேர் ஆல்பர்ட், பெலிக்ஸ், ஸ்டெல்லா, ரீட்டா என்று ஆகிவிட்டார்கள். எனக்கு மட்டும் என் அப்பா பழைய ஸ்டாக்கில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்: சந்தியாகு. பள்ளிக்கூடத்தில் இந்தப் பேருக்கு எழுந்து நிற்கக் கூச்சப்பட்டே பல நாள் ஆஜர் சொல்லாமல் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் கடைசித் தங்கச்சி ரீட்டாவை நிலக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஆல்பர்ட் பூ வேன் ஓட்டுகிறவன். தங்கமான பையன். அவனுடைய அப்பா இன்னாசிமுத்து மாமாவுக்கு மல்லிகைத் தோட்டம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ரீட்டாவுக்குத் தலைப்பிள்ளை ஆண். மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே பிள்ளை இன்னாசிமுத்து என்று மாமா முடிவு செய்துவிட்டார்.

ரீட்டா கம்ப்யூட்டர் படித்தவள். பிள்ளை வயிற்றில் இருந்தபோதே அவள் ஜேடன் என்று முடிவு செய்திருந்தாள்.

“ஜேடனாம் ஜேடன்! சோப்புக்கட்டி பேரு மாதிரில்ல இருக்கு” என்றார் மாமா.

“இன்னாசிமுத்துன்னு வச்சா எல்.கே.ஜி.லயே பிள்ளைக்கு நரை விழுந்துரும்” என்றாள் ரீட்டா.

இதை நேருக்கு நேர் சொல்லிக்கொள்ளவில்லை. நடுவில் ஆல்பர்ட் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தான். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த ரீட்டா, பேர் முடிவாகாமல் அங்கே காலெடுத்து வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். என் பேர் இல்லாமல் பிள்ளை வாசப்படி ஏறக்கூடாது என்று மாமா அங்கே உட்கார்ந்துவிட்டார். ஞானஸ்நானத்துக்குக் கோயிலில் எழுதிக்கொடுத்தபோது பிள்ளையின் பேருக்கு உரிய இடத்தை ஆல்பர்ட் காலியாகவே விட்டுவிட்டு வந்தான்.

தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். எங்கள் பங்குக் கோயில் வழக்கப்படி பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, சாமியார் கேட்கும்போது மைக்கில் பேரைச் சொல்ல வேண்டியவனும் அவன்தான். அதாவது நான்.

முதலில் வந்தவர் மாமா. கையில் ஒரு பித்தளைக் குடம்.

“ஏப்பா சந்தியாகு, இதுல என் பேரன் பேர வெட்டு. இன்னாசிமுத்து. ரோட்டுல போறவனுக்குத் தெரியணும், அம்புட்டுப் பெருசா வெட்டு.”

மிஷினை எடுத்தேன். மாமா குனிந்து என் காதருகில் வந்தார்.

“உன் தங்கச்சிகிட்ட எனக்குப் பேச்சில்ல. நீ மைக்குல இந்தப் பேரச் சொல்லிப்புடு. சாமியார் தண்ணிய ஊத்திட்டாருன்னா எவன் மாத்துவான்? சொல்லிருவேல்ல?”

தலையாட்டினேன்.

மறுநாள் ரீட்டா வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தாள். “அண்ணே, ஜேடன்னு வெட்டுண்ணே. ஓரமா ஒரு பூ போட்டுரு.” வெட்டினேன். “மைக்குலயும் இதத்தான சொல்லுவ?” தலையாட்டினேன். “மாமா வந்தாராம்ல? அவருக்கு ஒண்ணும் ஒத்துக்கிறலையே?” இல்லை என்று ஆட்டினேன். (எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆடக்கூடிய தலை.)

கடைசியாக ஆல்பர்ட் வந்தான். அவன் கையில் பாத்திரம் எதுவும் இல்லை. கண்தான் கலங்கியிருந்தது.

“மச்சான், எந்தப் பேர வேணும்னாலும் வைங்க. பூச முடிஞ்சு சாயங்காலம் அவளும் பிள்ளையும் என் வேன்ல ஏறணும். எனக்கு அது போதும்.”

அவனுக்கும் தலையாட்டினேன். மூன்று தலையாட்டலில் உண்மையானது அது ஒன்றுதான்.

நான் ஒரு திட்டம் போட்டேன். இரண்டையும் சேர்த்து ‘இன்னாசி ஜேடன்’ என்று சொல்லிவிடுவது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் சைக்கிளில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். லூர்து கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஏங்க, நீங்க ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும். அவுங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு இப்பவே சொல்லிருங்க.”

மனுஷன் செய்யக்கூடிய காரியமா அது? இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து நான் பேசுவதா? மைக்கே மேல் என்று நினைத்தேன். அன்றைய என் அறிவு அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. கடன் வாங்கிப் போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் காலர் அறுக்கிறது. கையில் பிள்ளை கத்துகிறான். இடது பக்கம் ரீட்டா கண்ணாலேயே ‘ஜே’ என்கிறாள். முதுகுக்குப் பின்னால் மாமா இருமுகிறார். அந்த இருமலிலும் ‘இன்னாசி’ கேட்கிறது. ஆல்பர்ட் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தான். பங்குச்சாமியார் வயதானவர், பொறுமைசாலி. மைக்கை என் வாயருகே நீட்டினார்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் தேர்ந்துகொண்டீர்கள்?”

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அந்தக் காற்று மைக்கில் புகுந்து கோயில் முழுக்கப் புயல் மாதிரி வீசியது. என் மூச்சை நானே ஒலிபெருக்கியில் கேட்டேன். அவ்வளவுதான், மண்டையில் இருந்ததெல்லாம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. இன்னாசி போயிற்று. ஜேடன் போயிற்று. இத்தனை வருஷம் வெட்டிய பேர்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. உலகத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

“சந்தியாகு” என்றேன்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தப் பேரை அவ்வளவு கணீரென்று சொன்னேன்.

சாமியார் ஒரு கணம் என்னையே பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பின்னால் “ஏலே” என்று ஒரு குரல் கிளம்பி, கோயில் என்ற நினைப்பு வந்து பாதியில் அடங்கியது. நான் மாற்றிச் சொல்ல மறுபடி வாயைத் திறந்தேன். மறுபடியும் காற்றுதான். அதற்குள் பூசை நகர்ந்துவிட்டது. நகர்கிற பூசையை நிறுத்தி ஒரு திருத்தம் சொல்கிற தைரியம் எனக்கு இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. சந்தியாகு என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினார். அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அதோடு விட்டாரா சாமியார்? மைக்கை வாங்கிக்கொண்டார்.

“எத்தனையோ பிள்ளைகளுக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன். இப்பல்லாம் வைக்கிற பேரு என் வாயிலயே நுழைய மாட்டேங்குது. இந்தக் காலத்துல ஒரு அப்போஸ்தலருடைய பேர, அதுவும் நம்ம முன்னோர் சொன்ன மாதிரியே சொல்ல ஒரு குடும்பம் முன்வந்திருக்கு. இந்தத் தாயையும், இந்தப் பெரியவரையும் நான் மனசாரப் பாராட்டுறேன். எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். அந்தத் தாயும் அந்தப் பெரியவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

விருந்து பக்கத்து ஹாலில். பிரியாணி வாசனை தூக்கலாக இருந்தது. வாசலில் பரிசு மேஜை. அதில் என் கைவேலை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன: ஒரு முழ நீளத்துக்கு ‘இன்னாசிமுத்து’ என்ற குடம், பூப்போட்ட ‘ஜேடன்’ கிண்ணம். இரண்டிலும் என் எழுத்து. அது யாருடைய எழுத்து என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மாமா கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார். ரீட்டா குடத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏலே சந்தியாகு, எனக்கும் வெட்டிக் குடுத்து, அவளுக்கும் வெட்டிக் குடுத்து, கடைசில உன் பேரவா வச்சுக்கிட்ட?”

“மாமா, அது... மறந்து...”

“மறந்துருச்சா? உன் பேரு மட்டும் மறக்கலையோ?” என்றாள் ரீட்டா.

“வாயே இல்லாத பயன்னு நெனச்சேன்” என்று மாமா கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். “தாத்தன் நான், என் பேர வைக்கச் சொல்லி ஊருபூராக் கெஞ்சுறேன். இவன் பூனை மாதிரி வந்து தன் பேர வச்சுட்டுப் போறான்! என்னா தைரியம்!”

என் வாழ்க்கையில் என்னைத் தைரியசாலி என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். சந்தோஷப்பட நேரம் இல்லை.

“இவன் பள்ளிக்கூடத்துல உள்ளேன் ஐயா சொல்லக்கூடக் கூச்சப்பட்டவன் மாமா” என்று ரீட்டா நேராக அவரிடமே சொன்னாள். “எல்லாம் நடிப்பு!”

“அப்பவே தெரிஞ்சிருக்கணும் ஆத்தா. குடத்துல வெட்டும்போது ஒரு மாதிரியா சிரிச்சான்.”

“என்கிட்டயும் சிரிச்சான் மாமா!”

(நான் சிரிக்கவே இல்லை. மிஷின் பிடித்தால் என் முகம் அப்படித்தான் இருக்கும்.)

ஆல்பர்ட் என் கையைப் பிடித்து அழுத்தினான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மாசக்கணக்கில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இது. ஆல்பர்ட் நடுவில் நிற்கவே இல்லை. என்னைத் திட்டத் திட்ட அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. மாமா விட்ட இடத்தில் ரீட்டா பிடித்தாள், ரீட்டா மூச்சு வாங்கிய இடத்தில் மாமா தொடர்ந்தார். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தால்சா கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே எனக்குக் கேட்கும்படி திட்டினார்கள்.

பேரை மாற்றினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். மாற்றுவதென்றால் எந்தப் பேர் என்று மறுபடி முதலில் இருந்து வர வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சாமியார் கை தட்டச் சொன்ன பேரு. கெடக்கட்டும்” என்றார் மாமா. தான் தோற்றதைவிட, மருமகள் ஜெயிக்காதது அவருக்கு ஆறுதல். அவளுக்கும் அதே ஆறுதல்தான்.

சாயங்காலம் வேன் கிளம்பியது. முன் சீட்டில் மாமா, பக்கத்தில் ரீட்டா, மடியில் பிள்ளை. ஜன்னல் வழியாக இரண்டு குரல் என்னைத் திட்டுவது ரோடு திரும்பும்வரை கேட்டது. பின்னால் வேன் முழுக்க மல்லிகை வாசனை. நான் கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

கொஞ்ச நாளில் மாமா அதே குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ‘இன்னாசிமுத்து’வுக்குக் கீழே ‘பேரன் சந்தியாகு’ என்று வெட்டச் சொன்னார். மேல் எழுத்தைவிடக் கீழ் எழுத்து சின்னதாக இருக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று சரிபார்த்தார். ரீட்டாவின் கிண்ணம் அலமாரியில் காத்திருந்து, அவளுடைய இரண்டாவது பையன் ஜேடனுக்குப் பயன்பட்டது. அவன் வகுப்பில் ஜேடன், ஜெய்டன், ஏடன், கேடன் என்று ஒரு வரிசையே இருக்கிறதாம். டீச்சர் கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கிறது. மூத்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒரே சந்தியாகு. “ரொம்ப யுனிக்கான பேரு மேடம், எங்க புடிச்சீங்க?” என்று டீச்சர் கேட்டதற்கு, “நாங்கதான் யோசிச்சு வச்சோம்” என்று ரீட்டா சொல்லியிருக்கிறாள்.

மாமாவுக்கு மட்டும் ஒரு சௌகரியம். நான் அங்கே போகிற நாளெல்லாம் பேரன் ஏதாவது தப்பு செய்ய வேண்டும் என்று காத்திருப்பார். செய்ததும், என்னைப் பார்த்துக்கொண்டே, “ஏலே சந்தியாகு, அறிவுகெட்ட பயலே!” என்பார்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானம். நான் ஓரமாக மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார் புதியவர், இளைஞர், எல்லாரிடமும் அன்பாகப் பழகுகிறவர். பூசை தொடங்கும் முன் மைக்கோடு என் பக்கம் திரும்பி, “ஐயா, உங்க பேரு என்ன?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நாலு பெஞ்சும் ஒரே குரலில் கத்தியது:

“சொல்லிராதீங்க!”