செத்தவீட்டு லீவு

அன்று காலை உருத்திரபுரம் பொன்வயல் தூள் ஆலைக்குச் செத்தல் மிளகாய் அறுநூறு கிலோ வந்து இறங்கியது. வேலைக்கு வந்தவர்கள் மூன்று பேர்.

மனேச்சர் குகதாசன் வரவுப் புத்தகத்தையும் சுவர் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அடுப்பு விடியவே மூட்டியாயிற்று. விறகு எரிகிறது, தாச்சி காய்கிறது, வறுக்கத்தான் ஆளில்லை.

"மிச்ச ஆக்கள் எங்க?"

"ஜெயபுரத்தில செத்தவீடு, சேர்," என்றார் காவலாளி வீரகத்தி. "நானும் உடுப்பை மாத்திக்கொண்டு வெளிக்கிடத்தான் நிக்கிறன்."

அந்த மாதத்தில் அது ஐந்தாவது. ஆலையில் வேலை செய்பவர்கள் இருபத்திரண்டு பேர். சுற்றுவட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் இருபத்திரண்டு பேருக்கும் ஏதோ ஒரு முறை வந்துவிடும். சொந்தம் இல்லாவிட்டால், இடம்பெயர்ந்த காலத்தில் பக்கத்துக் கூடாரத்தில் படுத்த உறவாவது இருக்கும். போகாமல் இருக்க முடியுமா?

முடியாதுதான். ஆனால் முதலாளி ஐயாத்துரைக்கு அதை யார் சொல்வது? தர்மபுரத்தில் பிறந்து கொழும்பில் மொத்தக்கடை வைத்திருக்கும் அவர், தினமும் காலை ஆறரைக்குத் தொலைபேசி எடுப்பார். போன வாரம்தான் ஒரு அதிர்ச்சியைக் கொடுத்திருந்தார்.

"தம்பி, மற்றவையின்ர தூள் எங்கடையைவிட மலிவா வருது. உற்பத்திச் செலவில ஐஞ்சில ஒரு பங்கு குறையோணும். மூண்டு மாசம் தாறன். இல்லாட்டி மெசினைக் கழட்டி வித்திட்டு, கட்டடத்தைக் கலியாண மண்டபக்காரனுக்குக் குடுக்கிறதுதான்."

அன்றிலிருந்து குகதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு குடும்பம். தன்னுடையதோடு இருபத்து மூன்று. எதைக் குறைப்பது? மூடை கட்டிய சணல் கயிற்றைக்கூட அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிற ஆலை அது. விறகு, மின்சாரம், பை எல்லாம் ஏற்கனவே எலும்பும் தோலுமாகத்தான் இருந்தன. கொழுத்திருந்தது ஒன்றே ஒன்று. செத்தவீடு. ஒரு செத்தவீட்டுக்கு ஆலை நின்றால் மூட்டிய அடுப்பு வீண், பாதி வறுத்த மல்லி வீண், கொழும்பு லொறி வெறுமையாகப் போகும்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இனி ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் ஆலை சார்பில் ஒரே ஒரு பிரதிநிதி. சம்பளத்தோடு. மற்ற எல்லோரும் வேலையில்.

பிரதிநிதியாக விமலேஸ்வரி தெரிவானாள். ஐம்பது வயது; வறுக்கும் பகுதிக்குப் பொறுப்பு; அழத் தொடங்கினால் பக்கத்து ஒழுங்கைச் சனமும் சேர்ந்து அழும். இருபத்திரண்டு பேரின் துக்கத்தையும் தனியாளாகத் தூக்கக்கூடிய ஆள்.

அடுத்த செத்தவீட்டில் அவள் நன்றாகத்தான் அழுதாள். ஆலையில்தான் புகை கிளம்பியது. மிளகாய் எப்போது தாச்சியால் இறங்க வேண்டும் என்பதை வாசத்தை வைத்துச் சொல்லும் மூக்கு ஆலையிலே ஒன்றுதான். அந்த மூக்கு செத்தவீட்டில் இருந்தது. அவளுக்குப் பதிலாக நின்ற சுதர்சினி மணிக்கூட்டைப் பார்த்து வறுத்தாள். எண்பது கிலோ கரியாகிப் போனது.

"சேர் பத்து நிமிசம் எண்டுதானே சொன்னனீங்கள். நான் பத்து நிமிசம்தான் விட்டனான்," என்றாள் சுதர்சினி.

போதாததற்கு, செத்தவரின் வீட்டாருக்கும் கோபம். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிற இடத்திலிருந்து ஒருத்தியா, எங்கள் அப்பு அவ்வளவு இளப்பமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

மரியாதைக் குறைவை ஈடுசெய்யக் குகதாசன் கிளிநொச்சியில் ஒரு பெரிய பனர் அடிப்பித்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'பொன்வயல் தூள் ஆலை', நடுவில் வெறும் இடம். செத்தவரின் பெயரைக் கடதாசியில் எழுதி அந்த இடத்தில் ஒட்டுவது. ஒரே பனர், எத்தனை சாவுக்கும் காணும். அதை நினைத்து அன்று அவர் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

அடுத்த செத்தவீடு ஜெயபுரத்தில். பனர் வாசல் படலையில் கட்டப்பட்ட அரை மணித்தியாலத்தில் மழை பிடித்தது. கடதாசி கரைந்து ஓடியது. மிச்சமாக நின்றது இரண்டு வரி: கண்ணீர் அஞ்சலி, பொன்வயல் தூள் ஆலை.

வீதியால் போனவர்கள் பார்த்தார்கள். பின்னேரத்துக்குள் பரந்தன் வரை கதை போய்விட்டது: ஆலை மூடியாச்சாம், அவையே தங்களுக்கு அஞ்சலி கட்டியிருக்கினமாம். மறுநாள் நான்கு கடைக்காரர் வேறு தூளுக்கு மாறினார்கள். ஆறரைக்கு வந்த முதலாளியின் அழைப்பு ஏழரை வரை நீண்டது. குகதாசன் அவ்வளவு நேரமும் எழுந்து நின்றபடியே கேட்டார்.

மூன்றாவது வழி எல்லோருக்கும் பிடித்திருந்தது. எல்லோரும் போகலாம், ஆனால் ஆலையின் உழவு இயந்திரத்திலேயே போய், முகத்தைக் காட்டிவிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் திரும்பிவிட வேண்டும். சொன்னபடி ஒன்பதுக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பினார்கள். குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார். திரும்பிப் பார்த்தால், வறுக்கும் பகுதியில் ஒரு சீவனும் இல்லை. இருபத்திரண்டு பேரும் கிணற்றடியில் வரிசையாக நின்றார்கள்.

"இதென்ன அக்கா?"

"செத்தவீட்டுக்குப் போயிட்டுத் தலை முழுகாமல் அடுப்பில கை வைக்கிறதோ, சேர்?" என்றாள் விமலேஸ்வரி, வாளியை விட்டபடி. "சனம் தின்னிற சாமான் எல்லோ."

ஒற்றை வாளி. பெண்கள் முதலில், பிறகு ஆண்கள். தலை துவட்டவும் மாற்றுடுப்புக்கு ஆள் அனுப்பவும் பின்னேரம் மூன்றானது. அதற்குள் கிணறும் வற்றிப் போனது. மல்லி கழுவத் தண்ணீர் இல்லை. தண்ணீர் பவுசர் எடுப்பிக்க வேண்டி வந்தது.

அன்றுதான் குகதாசன் தன்னைத் தானே ஆராய்ந்து பார்த்தார். குற்றம் தன்னில்தான். "லீவு இல்லை" என்று சொல்ல வாய் எடுக்கும்போது யாராவது செத்தவரின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். சந்தியில் மோர் விற்ற மனுசியா, அருமையான சீவனல்லவா என்று மனம் இளகிவிடும். பெயர் தெரிந்தால் முகம் தெரிகிறது. முகம் தெரிந்தால் வாய் லீவு கொடுத்துவிடுகிறது.

மறுநாள் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, ஆலையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று கண் கலங்கிச் சொன்னார்.

"இனி ஆர் செத்தாலும் லீவு இல்லை. ஆர் செத்தது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லவும் கூடாது. பேர் சொன்ன ஆளுக்கு அண்டையச் சம்பளம் வெட்டு. வேலை நேரத்தில ஒருத்தரும் போன் பாவிக்கவும் கூடாது."

மண்டபக்காரன் வந்தால் மூவாயிரம் கதிரை போடுவான். அதில் ஒன்றுகூடத் தங்களுக்கு வேலை தராது என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒன்பது நாள் யாரும் சாகவில்லை. பத்தாம் நாள் காலை ஆறரைக்கு முதலாளியின் அழைப்பு வரவில்லை. தன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று குகதாசன் நினைத்தார். ஏழு மணிக்கு ஆலைக்குப் போனால், இருபத்திரண்டு பேரும் வெள்ளை உடுப்போடு வாசலில் நின்றார்கள்.

"சேர், தர்மபுரத்தில..." என்று தொடங்கினாள் பொதி கட்டும் ஜெயரூபி.

குகதாசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "செத்தவீடு எண்டு விளங்குது. பேர் வேண்டாம்."

"இதுக்குமோ, சேர்?" என்றாள் விமலேஸ்வரி.

"எதுக்கும்தான் அக்கா. அடுப்பை மூட்டுங்கோ."

அவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. திகைப்புத்தான் இருந்தது. வீரகத்தி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தெரிஞ்சுதான் சொல்லுறியளோ சேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுறன், அண்ணை."

எல்லோரும் உள்ளே போய் வேலையைத் தொடங்கினார்கள். அப்படி ஒரு வேலையைக் குகதாசன் அந்த ஆலையில் கண்டதில்லை. சிரிப்பில்லை, கதையில்லை, தேத்தண்ணிக்குக்கூட எழும்பவில்லை. தாச்சியும் இயந்திரமும் ஒரு நிமிடம் நிற்கவில்லை. எல்லோருடைய கண்ணாலும் நீர் வழிந்தது. மிளகாய் வறுக்கிற இடத்தில் அதைப் பெரிதுபடுத்துவார்களா? மனைவி இரண்டு தடவை தொலைபேசி எடுத்தாள். தர்மபுரத்துச் செத்தவீட்டுக்குப் போக யாருக்கோ லீவு கேட்கத்தான் என்று எடுக்காமல் விட்டுவிட்டார்.

ஒரு மணிக்கே அன்றைக்கு வந்த அறுநூறு கிலோவும் அரைத்து முடியப்போனது. குகதாசனால் மகிழ்ச்சியை அடக்க முடியவில்லை. தொலைபேசியை எடுத்து, ஆலை முழுவதையும் வீடியோவாகப் பிடித்தபடி பேசினார்.

"அண்ணை, இண்டைக்குத் தர்மபுரத்தில ஒரு செத்தவீடு. எங்கட ஆக்கள் ஒருத்தரும் போகேல்லை, பாருங்கோ. செத்தது ஆர் எண்டுகூட நான் கேக்கேல்லை. மெசின் ஒரு நிமிசமும் நிக்கேல்லை. இனி ஆர் செத்தாலும் எங்களுக்குக் கவலை இல்லை, அண்ணை."

முதலாளிக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. முதலாளி பார்த்துவிட்டார்! 'எழுதுகிறார்' என்று காட்டியது. பிறகு நின்றது. திரும்பக் காட்டியது. திரும்ப நின்றது. சந்தோசத்தில் வார்த்தை வரவில்லை போல என்று குகதாசன் எண்ணினார்.

நாலரை மணிக்கு லொறி நிறையத் தூள் புறப்பட்டுப் போனது. கைகால் கழுவிக்கொண்டு எல்லோரும் வாசலில் நிற்கும்போது குகதாசனின் தொலைபேசி மணி அடித்தது. திரையில் 'முதலாளி' என்று விழுந்தது.

"ஒருத்தரும் போகாதையுங்கோ," என்றார் குகதாசன். "உங்கட உழைப்புக்கு வாற பாராட்டு. எல்லாரும் கேக்கத்தான் வேணும். முதலாளி கதைக்கப்போறார்."

விமலேஸ்வரி அப்படியே சாக்கு மூடையில் குந்திவிட்டாள். சுதர்சினி ஜெயரூபியின் கையை இறுக்கிப் பிடித்தாள். வீரகத்தி இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பையைத் தடவி எடுத்து நெற்றியில் அப்பிக்கொண்டார். முதலாளியிடம் இவர்களுக்கு இவ்வளவு பயபக்தியா என்று குகதாசனுக்கே ஆச்சரியமாக இருந்தது. தொண்டையைச் செருமி, தொலைபேசியை உரக்கக் கேட்கும்படி போட்டு, எல்லோருக்கும் நடுவில் உயர்த்திப் பிடித்தார்.

"சொல்லுங்கோ, அண்ணை."

மறுபக்கத்திலிருந்து அழுது அழுது கம்மிப்போன ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அங்கிள், நான் முதலாளியின்ர மகள் யதுர்ஷிகா. நீங்கள் அனுப்பின வீடியோவை, இஞ்ச தர்மபுரத்தில, இரவோட இரவாக் கொழும்பில இருந்து கொண்டுவந்த அப்பாவின்ர பெட்டியைச் சுத்தி இருந்த எல்லாருமாப் பார்த்தனாங்கள்."