சுவருக்கு ஆகாத பெண்

மண் வீடு மூச்சு விடும் என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். மண் சுவர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெயில் ஏறினால் திருப்பிக் கொடுக்கும், உள்ளே இருப்பவனுக்கு விசிறி தேவைப்படாது என்பதைச் சுருக்கிச் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தால் அதைக் காசாக்க ஒரு ஆள் எங்கிருந்தாவது கிளம்பி வந்துவிடுகிறார். எங்கள் பக்கத்துக்கு வந்தவர் மூச்சு மாஸ்டர்.

"உங்க வீடு மூச்சு விடுது, சரி. உங்க மூச்சு அதுக்குப் பிடிக்குதா?"

இதுதான் அவர் கேட்ட கேள்வி. இதைக் கேட்டுப் படித்தவர்கள் எல்லோரும் அரண்டு போனார்கள். படிக்காதவர்கள் அரளவில்லை, அவர்கள் சிமெண்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எங்கள் பக்கத்தில் பழைய பாணிப் பண்ணை வீடுகள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. வங்கி வேலையை உதறியவர் ஒருவர், கப்பல் வேலையை உதறியவர் ஒருவர், எதையும் உதறாமல் விடுமுறை நாளில் மட்டும் வந்து மண் மிதிக்கும் பல் டாக்டர் ஒருவர். எல்லோரும் மாஸ்டர் வந்து தங்கள் மூச்சைச் சோதிக்கும் தேதிக்குத் தவம் கிடந்தார்கள். மாஸ்டர் வந்து போன வீட்டுக்காரர் கடைத்தெருவில் நடந்தால் நடையே வேறாக இருக்கும். "எங்க வீட்ல எல்லாருமே பாஸ்" என்பார். பாஸாகாத வீட்டுக்காரர் சந்து வழியாகப் போவார்.

அந்த வரிசையில் அடியேனும் நின்றேன். கணக்கு எழுதும் உத்தியோகத்தை விட்டுவிட்டு வீடு கட்ட வந்தவன். பிள்ளைகள் ஏழு. கணக்கு எழுதுகிறவனுக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வீடு முடியும்வரை ஒன்பது பேரும் ஒரே தகரக் கொட்டகையில். ராத்திரியில் ஒருவன் புரண்டால் எட்டுப் பேரும் புரள வேண்டும். அந்த ஒழுங்கு ராணுவத்தில்கூடக் கிடையாது.

மண் குழைப்பது, கூடை தூக்குவது, பூசுவது எல்லாம் நாங்களேதான். நாங்கள் பூசிய முதல் சுவர் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, வெறும் களிமண் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்தால் பிடித்து நிற்கும் என்று. அதன் பிறகு கடைக்குட்டிகூடக் குழைத்த மண்ணை விரலில் உருட்டிப் பார்த்து, "மணல் பத்தாதுப்பா" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான். இவ்வளவு ஞானத்தையும் வைத்துக்கொண்டுதான் நான் மாஸ்டருக்குப் போன் போட்டேன் என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

மாஸ்டர் வந்தார். இயற்கைக் காற்றின் தூதர் ஏசி காரில் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு வந்தார். உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. "குடும்பத்தோட ஓட்டத்தைப் பார்க்கணும்" என்று கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்தார். அந்த அரை மணியில், ஏழில் நாலாவதான என் பெண் வாளியைத் தட்டிவிட்டாள், டம்ளரைக் கீழே போட்டாள், அண்ணனைக் கேட்ட கேள்விக்கு இவள் பதில் சொன்னாள். பேச்சிலும் நடையிலும் அவள் ஒரு வேகம். வீட்டில் அவளுக்குப் புயல் என்றே பெயர். ஆளாளுக்கு "ஏய் புயல்" என்று அதட்டினோம். மாஸ்டர் கண்ணை மூடி, எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல் தலையாட்டினார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்பது பூச்சுகள் பூசினார். ஆளுக்கொரு பூச்சு, ஆளுக்கொரு கிண்ணம். மண் அவருடையது, அவருடைய நிலத்தில் எடுத்து மந்திரம் சொல்லி உரு ஏற்றியதாம். முதுகைக் காட்டிக்கொண்டுதான் குழைத்தார். ஒவ்வொரு பூச்சுக்கு மேலும் அதற்குரியவரின் அடையாளத்தைச் சாக்பீஸில் எழுதினார். அவரவர் பூச்சில் அவரவர் மூன்று முறை மூச்சு விட வேண்டும். அப்போது மாஸ்டர் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவர் மூச்சு கலந்துவிடும். காரில் போய் உட்கார்ந்துகொண்டார். உச்சி வெயிலில் பூச்சு காய்ந்ததும் இறங்கி வந்தார்.

எட்டு நன்றாக இருந்தன. நாலாவது பெண்ணின் பூச்சு மட்டும் சிலந்தி வலையாக வெடித்திருந்தது.

"வீட்டுக்கு இந்தப் பொண்ணு ஆகலை" என்றார் மாஸ்டர், ஏதோ சட்டை அளவு பத்தவில்லை என்கிற மாதிரி. பரிகாரமும் அவரிடமே இருந்தது. சுவர் முழுவதையும் அவருடைய மண்ணால் மறுபடி பூச வேண்டும். அவர் சொன்ன விலைக்கு வீட்டையே சிமெண்டில் கட்டி, மேலே மண் நிறம் அடித்துவிடலாம். முடியாதென்றால் இரண்டு வருஷம் பெண்ணை வேறிடத்தில் வைக்க வேண்டும். மண் வாங்க வழியில்லாத நான், வெளியூரில் இருக்கும் என் அக்காவிடம் பேசினேன். பெண் அத்தை வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் அவள்தான் காரணம். ஓடு உடைந்தால் அவள். உத்திரம் ஒரு விரற்கடை கோணினால் அவள். அந்த உத்திரத்தை அளந்து அறுத்தவன் நான் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, எனக்கும்தான்.

அவளும் மாறினாள். கட்டுகிற வீட்டுக்குள் கூடையோடு ஓடுவாள், கன்னம் உப்பியிருக்கும், மண்ணைக் கொட்டிவிட்டு வெளியே ஓடிவந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவாள். ஏதோ புது விளையாட்டு என்று நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவளை நிறுத்திக் கேட்டாள்.

"என்னடி பண்றே?"

"உள்ள மூச்சு விடாம இருக்கேம்மா. சுவருக்குப் பிடிக்கலைல்ல? இப்படியே பழகிட்டா, அத்தை வீட்டுக்குப் போக வேண்டாமில்ல?"

என் மனைவி மண் பூசும் கரணையைக் கீழே வைத்தாள். அவள் கரணையைக் கீழே வைத்தால் நான் இரண்டடி பின்னால் போவது வழக்கம்.

"என்னங்க, அந்த ஆளை இன்னொரு தடவை வரச் சொல்லுங்க. ஊரே பார்க்கட்டும். மறுபடியும் இவதான்னு வந்தா, நானே பெட்டியைத் தூக்கிட்டு இவளைக் கொண்டு போய் விட்டுட்டு வரேன்."

மாஸ்டருக்கு இது கசக்குமா? கூட்டம் கூடும், பேர் பரவும். சந்தோஷமாக வந்தார். வங்கியை உதறியவர், கப்பலை உதறியவர், அவர்கள் குடும்பங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வாசல் நிறைந்துவிட்டது. பல் டாக்டர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அவர் வீட்டுச் சுவர் அவரைப் பெற்ற அம்மாவையே ஏற்கவில்லை. அம்மா இப்போது கடைத்தெருவில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறார்.

அதே ஒன்பது கிண்ணம், அதே முதுகு, அதே சாக்பீஸ். மாஸ்டர் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். என் மனைவி கூட்டத்தைச் சுவருக்கு அருகில் அழைத்தாள். "எல்லாரும் நல்லா பாருங்க. யாரும் வாயைத் திறக்காதீங்க" என்றாள்.

அப்புறம் என்ன செய்தாள் என்றால், நாலாவது பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் என் பூச்சில் மூச்சு விடச் சொன்னாள். பிறகு அம்மாவின் பூச்சில். பிறகு பெரியவன், அடுத்தவள், அடுத்தவன், கடைக்குட்டி வரை. தன் பூச்சைத் தவிர மற்ற எட்டிலும் மும்மூன்று முறை அந்தப் பெண்தான் ஊதினாள். கடைசியில் தலை சுற்றி என்மேல் சாய்ந்துகொண்டாள். பல நாள் அடக்கி வைத்திருந்த மூச்சு.

"இவளோட பூச்சுக்கு?" என்றேன்.

மனைவி கொட்டகையிலிருந்து சைக்கிள் பம்பை எடுத்து வந்தாள். அவளுடைய பூச்சுக்கு நேரே பிடித்து மூன்று முறை அடித்தாள். கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

வெயில் தன் வேலையைச் செய்தது. மாஸ்டர் இறங்கி வந்தார். எட்டு வழவழவென்று இருந்தன. அவளுடையது மட்டும் வெடித்திருந்தது. அவர் கையை உயர்த்தி, குரலில் கொஞ்சம் துக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, "நான் சொன்னா நம்ப மாட்டேன்னீங்க. இப்ப சுவரே சொல்லுது. இந்தப் பொண்ணோட மூச்சு பட்ட இடம் எப்படி ஆயிருக்கு பாருங்க" என்றார்.

"எந்த இடம்னு கையை வச்சுக் காட்டுங்க மாஸ்டர்" என்றாள் மனைவி.

காட்டினார்.

"அதுல பட்டது சைக்கிள் பம்பு. மத்த எட்டுலயும் பட்டதுதான் என் பொண்ணு மூச்சு."

மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தலையை ஆட்டியது. ஆனாலும் கைதேர்ந்த ஆள். சட்டென்று விழ மாட்டார். பம்புக் காற்று இயந்திரக் காற்று, அது வீட்டுக்கு ஆகாத காற்று, அதனால்தான் வெடித்தது என்று ஆரம்பித்தார்.

"அப்படின்னா பம்பை அத்தை வீட்டுக்கு அனுப்பிடறேன். பொண்ணு இங்க இருக்கட்டும்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் கடைக்குட்டி மாஸ்டரின் கிண்ணங்களுக்குள் கையை விட்டுவிட்டான். எட்டுக் கிண்ணத்தில் ஒட்டியிருந்த மண்ணை உருட்டிச் சரியென்று தலையாட்டினான். ஒன்பதாவதை உருட்டிப் பார்த்து என்னிடம் நீட்டினான். "அப்பா, இதுல மணலே இல்லை. வைக்கோலும் இல்லை."

வெறும் களிமண். ஆறு மாதமாக இதே மண்ணில் புரண்டவன் நான். வெடிக்கிற மண்ணைப் பார்த்தால் மணல் குறைச்சல் என்று சொல்லத் தெரிந்தவன், சொல்ல வேண்டிய ஒரு நாளில் மட்டும் பெண் குறைச்சல் என்று நம்பிவிட்டேன்.

மாஸ்டர் காரை நோக்கி நடந்தார். வங்கியை உதறியவரும் கப்பலை உதறியவரும் குறுக்கே நின்றார்கள். வாங்கின மண்ணை அவரே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு நடந்தது. கண்ணாடியை இறக்கித்தான் பேச வேண்டியிருந்தது. வெளிக்காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வியர்த்துக் கொட்டிற்று.

பல் டாக்டரைத் தேடினேன், காணவில்லை. வண்டி கடைத்தெருப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அவசரத்தில் செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

என் பெண் வீட்டுக்குள் போனாள். சுவருக்கு முகத்தை ஒட்டி வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, ஊதினாள். மறுபடி ஊதினாள். நான் பக்கத்தில் போய் நின்று, சுவருக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் மண் தூசி விழுந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததென்று வாசலுக்கு வந்தால், கூட்டத்தில் கடைசியாக நின்ற ஒரு பெரிய மனிதர், படித்தவர், என்னைத் தனியாக அழைத்துப் போய்க் காதோடு சொன்னார்: "பொண்ணு விஷயம் சரிங்க. ஆனா எதுக்கும் அந்தப் பம்பை மட்டும் வீட்டுக்குள்ள வச்சுக்காதீங்க."

அன்பர்களே, வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கலாம் என்று ஆயிரம் பேரிடம் கேட்கிறீர்கள். யாரையும் கேட்காமல் மண்டையில் ஒரு ஜன்னல் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுவது அங்கேதான்.