ஹார்க்ரேவ் மாளிகைத் தொடைக்கறி

ஹைரம் டன்ஸ்டலின் முழங்கை இடித்துத் தொடைக்கறி இரண்டாக உடைந்தபோது மணி ஒன்பது பத்து. பத்து மணிக்குத் தணிக்கை.

உடைந்தது நிஜக் கறி அல்ல. அருங்காட்சியகமாகிவிட்ட நதானியேல் ஹார்க்ரேவ் மாளிகையின் சாப்பாட்டு மேசையில் இருப்பதெல்லாம் சாந்தில் வார்த்து வண்ணம் அடித்தவை. புகை போட்ட பன்றித் தொடை, பக்கத்துத் தட்டில் ஆறு குட்டிப் பன் ரொட்டி, கிண்ணம் நிறைய பீச் பழம், எல்லாமே பொம்மை. நாடு பிறந்த காலத்தில் அரசியல் சட்டத்தை மூன்று நாள் விடாமல் எதிர்த்துப் பேசிவிட்டு, நான்காம் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் கையெழுத்துப் போட்டவர் ஹார்க்ரேவ். அப்பேர்ப்பட்ட மனிதரின் மேசையைக் காலியாக வைத்தால் வர்ஜீனியாக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

ஹைரம் அங்கே பத்தொன்பது வருடமாக வழிகாட்டி. அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் நிர்வாகி கார்டிலியா ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்திருந்தார். ஒரு தடவை ஹார்க்ரேவின் படிப்பறையில் ஒளிந்து டோனட் தின்றதற்கு. இன்னொரு தடவை ஹார்க்ரேவின் கட்டிலில் குறட்டை விட்டதற்கு.

"மூணாவது தடவை எங்கிட்ட பேச்சே கிடையாது ஹைரம். தொப்பியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட வேண்டியதுதான்" என்று சொல்லி முழுதாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஹைரம் பசையைத் தேடி எடுத்து ஒட்டினார். கறி ஒட்டியது. கூடவே அவருடைய வேஷத்துப் பழங்காலக் கோட்டின் கையும் ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். தரையில் சிதறிய துண்டுகளை எண்ணிப் பார்க்கும் தைரியம்கூட அவருக்கு இல்லை. அப்படியே அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வெள்ளை டோப்பாவும் முழங்கால் வரை ஏறிய கால்சட்டையுமாகக் கடைத்தெருவுக்கு ஓடினார்.

இறைச்சிக் கடை டெல்மர் அவரை மேலும் கீழும் பார்த்தான். "என்ன, ஹார்க்ரேவுக்கே பசி எடுத்துடுச்சா?"

"வாயை மூடிக்கிட்டு முழுத் தொடை ஒண்ணு குடுய்யா. முன்பக்கம் நாலு துண்டு சீவி அப்படியே சாய்ச்சு வை."

"எத்தனை பேருக்கு விருந்து?"

"ஒருத்தரும் சாப்பிடக் கூடாது. அதுக்குத்தான் வாங்கிட்டுப் போறேன்."

டெல்மர் கத்தியை எடுத்தான்.

மேசையில் வைத்தபோது பழைய பொம்மையைவிடப் புதுக் கறிதான் அசல் பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் உப்பிலும் புகையிலும் கிடந்த கறி சும்மா இருக்குமா? வாசனை மாடிப்படி ஏறியது. ஹைரம் பாய்ந்து போய், படுக்கையறைத் தலையணைகளில் இருந்த லாவெண்டர் பூவையெல்லாம் உருவிக்கொண்டு வந்து தட்டைச் சுற்றித் திணித்தார்.

கார்டிலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன வாசனை இது?"

"லாவெண்டர் மேடம். அந்தக் காலத்து வழக்கம்."

"லாவெண்டர் போட்ட பன்னிக்கறி மாதிரில்ல அடிக்குது?"

"அந்தக் காலமே அப்படித்தான் மேடம்."

"சரி, நல்லாக் கேட்டுக்குங்க. நிஜச் சாப்பாடு ஒரு துணுக்கு இருந்தாலும் எறும்பு வரும், எலி வரும், சான்றிதழ் போயிடும். வர்றது யாரு தெரியுமா? அகஸ்டா பிங்க்னி. போன மாசம் ஒரு மாளிகையில கேக் துகள் கிடந்துச்சுன்னு கதவைச் சாத்திட்டு வந்த பொம்பளை."

ஹைரம் இன்னும் கொஞ்சம் லாவெண்டரைத் தட்டைச் சுற்றித் திணித்தார்.

பத்து மணிக்குக் கார் வந்தது. ஓட்டி வந்த அகஸ்டாவின் கணவர் தொப்பியை முகத்தில் சரித்துக்கொண்டு உள்ளேயே சாய்ந்துவிட்டார். அகஸ்டா பிங்க்னி இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"விடியறதுக்கு முன்னாடி ஒரு வாய் காபியோட கெளம்பினது. எனக்கு வேலை முடிஞ்சாத்தான் சாப்பாடு. சாப்பாட்டு அறை எங்கே? நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். தப்பு பண்றவங்க எல்லாம் அங்கேதான் பண்ணுவாங்க!"

மேசையருகே போனதும் குனிந்தார். மூக்குக்கும் கறிக்கும் நடுவே ஒரு விரல்கூட இடைவெளி இல்லை.

"யாரு செஞ்சது இது? கொழுப்பு எப்படி மினுங்குது!"

"வார்னிஷ் மேடம். தொட்டுடாதீங்க, உதிர்ந்துடும்" என்றார் ஹைரம். அத்தோடு லாவெண்டர் அவர் மூக்கில் ஏறியது. போட்டார் ஒரு தும்மல். டோப்பா பறந்து போய்ப் பீச் கிண்ணத்தில் விழுந்தது. இரண்டாவது தும்மலுக்குள் கார்டிலியா அவர் காலரைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

அங்கே ஏழு தும்மல்.

"சீக்கிரம் தும்மி முடிங்க! அவங்க தனியா உள்ள என்னத்தைத் தோண்டுறாங்களோ!"

திரும்பி வந்தபோது அகஸ்டா ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டு நின்றார்.

"அடுத்து எங்கே போகலாம் மேடம்?"

பதில் இல்லை. விரல் மட்டும் மாடியைக் காட்டியது. அந்த அம்மாளின் கண்ணில் நீர் கோத்திருந்தது. கண்ணீர் வருகிற அளவுக்குக் கோபம்! ஹைரம் மேசையைத் திரும்பிப் பார்த்தார். போதாக்குறைக்குத் தட்டில் ஐந்து பன்தான் இருந்தன. உடைந்த கறியோடு ஆறாவதையும் சேர்த்து அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஐந்தையும் நைசாகத் தள்ளித் தள்ளி வைத்து ஆறு போலக் காட்டிவிட்டு ஓடினார்.

மாடியில் ஒன்பது அறை. ஒரு அறையிலும் ஒரு வார்த்தை இல்லை. கன்னத்தில் வைத்த கையும் இறங்கவில்லை. கட்டில், கடிகாரம், ஹார்க்ரேவின் மைக்கூடு என்று ஒவ்வொன்றையும் ஹைரம் கடைசி முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இதையெல்லாம் இனி வேறு எவனோ காட்டுவான் என்று நினைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அந்தத் தொடைக்கறி..."

அகஸ்டா பிங்க்னி சட்டென்று உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். படிவத்தில் விறுவிறுவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கார்டிலியாவிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் காருக்கு நடந்தார்.

கார்டிலியா உரக்கப் படித்தார். "சாப்பாட்டு அறையில் உண்ணக்கூடிய பொருள் எதுவும் இல்லை. முழுச் சான்றிதழ் வழங்கலாம்." படித்து முடித்து ஹைரமைக் கட்டிக்கொண்டார். "இனிமே அந்தக் கட்டில்ல நீங்க தாராளமாத் தூங்கலாம்!"

அப்போது அந்தக் கணவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி தயங்கித் தயங்கிப் படியேறி வந்தார்.

"இந்த ஊர்ல பல் டாக்டர் எங்கே இருக்காருங்க? தொடைக்கறி அமிர்தமாம், கூட வச்சிருந்த பன்னை யாரு சுட்டதுன்னு மட்டும் எங்க வீட்டம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."