ஃபிரிட்ஜும் நானும் ஒரே ரகம்

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். நீங்கள் வெளியூர் போகும்போது எங்களிடம் விட்டுப்போன ரோபோ எங்களைவிடச் சௌக்கியம். விவகாரமே அதுதான்.

"எதுக்கும் பேர் சொல்லிக் குடுக்காதீங்க மாமா, அதுவே தள்ளித் தள்ளிப் பாத்து ரகம் பிரிச்சுக்கும்" என்றீர்கள். பிரித்துக்கொண்டது. தள்ளினால் நகர்வது ஒரு ரகம்: ஸ்டூல், செருப்பு, பக்கத்து வீட்டுப் பூனை; அவை எல்லாம் இப்போது ஸ்டோர் ரூமில். தள்ளினால் திருப்பித் தள்ளுவதுதான் மனித ரகமாம். அதில் இருப்பது உங்கள் மாமியாரும், துணி பிழியும்போது குதிக்கிற வாஷிங் மெஷினும். இருவருக்கும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறது. என்னை, பேப்பர் படிக்கும்போது முதுகில் தள்ளிப் பார்த்திருக்கிறது. நான் நகரவில்லை, "ம்ம்ம்" என்று முனகினேன், அவ்வளவுதான், ஃபிரிட்ஜோடு சேர்த்துவிட்டது. தினமும் ஃபிரிட்ஜைத் துடைத்த கையோடு அதே ஈரத்துணியால் என் முதுகையும் துடைக்கிறது. நேற்று என் பழைய ஆபீஸ் மேனேஜர் வந்திருந்தார்; அவர் கண்ணெதிரே என் மடியில் பால் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறது. மானம் போகிறதே என்று எழுந்து கையைக் காலை ஆட்டி, "நான் மனுஷன்டா" என்று கத்தினேன். அது சந்தேகத்தோடு உங்கள் மாமியார் பக்கம் திரும்பியது. அவள் அடுப்படியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "அவரு அப்பப்ப அப்படித்தான் சத்தம் போடுவாரு, தானா அடங்கிடும்" என்றாள். அதோடு என் கேஸ் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து இதைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இல்லாவிட்டால் என்னை மனித ரகத்துக்கு மாற்றிக் கொடுங்கள், வாஷிங் மெஷினுக்குக் கீழேயாவது. என் மகளும் நீங்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (மனிதன்)

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது கரண்ட் போய்விட்டது. ஃபிரிட்ஜ் சத்தம் நின்றதும் ரோபோ ஓடிப்போய் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பதில் இல்லை. நேரே வந்து என்னைத் தள்ளியது. நான் வீம்புக்கு மூச்சுக் காட்டவில்லை. விடாமல் தள்ளிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் உங்கள் மாமியாரை இழுத்தே வந்துவிட்டது. அவள் ஈரக்கையோடு என் தோளைப் பிடித்து, "என்னங்க, என்னாச்சு உங்களுக்கு?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். நான் ஃபிரிட்ஜாகவே இருந்துகொள்கிறேன்.