மூன்றாவது தடவை கேட்காத டினேக்கா

டிரம்கீலா,
லீட்ரிம்.
அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை.

பாஸ்டன் நகரில் குடும்ப சகிதம் குறையில்லாமல் வாழ்ந்து வரும் என் ஒரே தங்கை அட்ராக்டாவுக்கு, அண்ணன் யூஜின் நலம் கேட்டும் நலம் சொல்லியும் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். மூன்று கன்றுகளும் சௌக்கியம். தொழுவத்துக் கூரை மட்டும் போன மாதம் அடித்த காற்றில் பாதி சௌக்கியத்தை இழந்துவிட்டது. மாப்பிள்ளையின் முதுகுவலியும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளபடி இருக்கும் என்று நம்புகிறேன். மழை பெய்துகொண்டிருக்கிறது. இதை எழுதத் தேவையில்லை, ஆனால் எழுதாவிட்டால் கடிதம் நம் ஊரிலிருந்து வந்தது என்று நீ நம்ப மாட்டாய்.

நிற்க. நாற்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணனுக்கு, தங்கையாகப்பட்டவள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருக்கலாம், ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கலாம். நீயோ ஏழு நாள் பஸ் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கி அனுப்பினாய். அட்டையில் 'அயர்லாந்தின் இயற்கை, பாரம்பரியம், பண்பாடு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறந்த நாள் முதல் அறுபத்தாறு வருஷமாக நான் அதற்குள்ளேயேதான் குடியிருக்கிறேன், வெளியே போனதே கிடையாது. வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாய், மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை நீ கேட்கவேயில்லை, "கிளம்பு" என்று மட்டும் சொன்னாய், நானும் கிளம்பினேன். என்ன இருந்தாலும் நீ நம் வீட்டுப் பெண், இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை, மூன்றாவது தடவைதான் சம்மதம் என்ற முறை தெரிந்தவள். அந்த முறை தெரியாதவர்கள் மத்தியில் ஏழு நாள் என்ன பாடுபட்டேன் என்பதைத்தான் இனி விவரமாக எழுதப் போகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

பஸ்ஸில் முப்பத்தொரு பேர். அமெரிக்காக்காரர்கள், ஜெர்மனிக்காரர்கள், மூலையில் சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு பிரெஞ்சு ஜோடி, அப்புறம் நான். சுற்றிக்காட்ட வந்த கிரானியா என்ற கால்வே பெண்ணைத் தவிர மொத்த வண்டியிலும் உள்ளூர் ஆள் நான் ஒருவன்தான். இதில் என்ன சங்கடம் என்றால், மற்றவர்கள் என்னையும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு டெக்ஸஸ் அம்மாள் என் தொப்பியைத் தொட்டுப் பார்த்து, இதைத் தினமும் போடுவீர்களா, எங்களுக்காகப் போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தாள். கானமாராவில் ஒரு மழைவிட்ட வேளையில் நான் சுவரில் சாய்ந்து சும்மா நின்றுகொண்டிருந்தேன், ஆறு பேர் வரிசையில் நின்று என்னைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதே ஊரில் சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்க மண்கட்டி வெட்டுவது எப்படி என்று செய்து காட்டும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒருவன் மண்வெட்டியைப் பிடித்திருந்த லட்சணத்தை நீ பார்த்திருந்தால் அழுதிருப்பாய். நம் அப்பா பார்த்திருந்தால் அவனை அதே குழியில் தள்ளியிருப்பார். நான் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் மண்வெட்டியை வாங்கி, சும்மா எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டலாம் என்று ஆரம்பித்து, ஒரு வரிசை முழுக்க வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். கிரானியா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு நின்றாள். இருபத்தொன்பது பேர் கைதட்டினார்கள். ஒரே ஒருத்தி மட்டும் கைதட்டாமல், நான் வெட்டிப் போட்ட கட்டிகளைக் காய்வதற்குத் தோதாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள்தான் டினேக்கா. ஹாலந்தில் க்ரோனிங்கன் என்ற ஊர். அறுபத்துமூன்று வயது, கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். முதல் நாளே எனக்குப் பக்கத்து இருக்கை என்று எழுதியிருந்தது, முன் வரிசை. அவள் செய்த வேலை என்ன தெரியுமா, கால்வாய்ப் பாலம் தூக்குவது. படகு வந்தால் பாலத்தை மேலே தூக்குவாள், படகு போனால் கீழே இறக்குவாள். முப்பது வருஷம் இதையே செய்தவளுக்கு நடுவில் ஒரு நிலைமை இருக்கலாம் என்பதே தெரியவில்லை. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பம்.

க்ளான்மக்நாய்ஸில் இடிந்த தேவாலயங்களைப் பார்த்துவிட்டு ஆற்றோரம் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து முட்டை சாண்ட்விச் எடுத்து, பாதியை என்னிடம் நீட்டி, வேணுமா என்றாள். நான் காலையில் அஞ்சு மணிக்குக் கன்றுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பியவன். ஐயோ வேண்டாம், நீங்க சாப்பிடுங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அட்ராக்டா, நாமென்ன காட்டு மனுஷர்களா? அவள் "சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பாதியையும் தின்றுவிட்டாள். என் கண்ணெதிரே. ஒரு வாய் ஒரு வாயாக. கால்வேயில் ஆப்பிள் பணியாரம், அதுவும் அப்படியே போச்சு. லிமரிக்கில் டீ. கெர்ரி மலையில் கொட்டுகிற மழையில் குடைக்குள் வரீங்களா என்று கேட்டாள், பரவாயில்லை நான் நனைஞ்சு பழக்கம்னு சொன்னேன், சரின்னு அவள் மட்டும் குடைக்குள்ள நடந்தாள். நான் பக்கத்திலேயே சொட்டச் சொட்ட நடந்தேன். நாலு நாளில் ரெண்டு கிலோ இளைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ சிரிக்கக் கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா, எதிரே வருகிற வண்டிக்கெல்லாம் வழக்கம்போல வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக்கொண்டே வந்தேன். இவங்க எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஒருத்தரையும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். மத்தியானத்துக்குள் அவளும் விரலைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு டிராக்டர்காரன் பதிலுக்குத் தூக்கியபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கே, நாற்பத்தொரு வருஷம் லாரியில் தனியாகவே உட்கார்ந்து போயிருக்கேனே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இனிதான் விஷயம். ஐந்தாம் நாள் மோஹர் என்ற கடலோரப் பாறை முகடு. காற்று ஆளைத் தூக்குகிறது. மற்றவர்கள் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவள் கடலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, மளிகைச் சாமான் கேட்கிற குரலில் கேட்டாள்.

"யூஜின், கிறிஸ்துமஸுக்கு எங்க ஊருக்கு வரீங்களா? எங்க வீட்ல ஒரு அறை சும்மாதான் இருக்கு. எனக்கு நீங்க வந்தா நல்லா இருக்கும்."

அறுபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மனசு முழுக்க வரேன் வரேன்னு குதிக்குது. வாய் இருக்கே, இந்தப் பாழாய்ப்போன வாய், அது பாட்டுக்கு, "ஐயையோ, அதெல்லாம் எதுக்கு, வேண்டாங்க" என்று சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை கேட்பாள் என்று கொஞ்சம் கழுத்தைச் சாய்த்துக் காத்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றாள். பையிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துத் தின்றாள். அதை என்னிடம் நீட்டக்கூட இல்லை, பாடம் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் நான் பட்ட பாடு. மறுபடி கேட்க வைக்கணுமே. க்ரோனிங்கன்ல டிசம்பர்ல ரொம்பக் குளிரோ என்று கேட்டேன். ஆமாம், ரொம்பக் குளிர் என்றாள். எங்கிட்ட நல்ல கோட்டு ஒண்ணு இருக்கு என்றேன். நல்லது என்றாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு இங்க ஒரு வேலையும் கிடையாது, கன்றுகளைப் பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துப்பான் என்றேன். நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்றாள். நம்மூர்ப் பொம்பளையாக இருந்தால் கோட்டு என்று சொன்ன மாத்திரத்தில் விமானச் சீட்டே வாங்கியிருப்பாள்.

இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த கிரானியாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கடைசி நாள் டப்ளின் ஹோட்டல் வாசலில் டினேக்காவைத் தனியே கூட்டிப் போய் என்னவோ சொன்னாள். டினேக்கா முகம் சிவந்து நேராக என்னிடம் வந்தாள். அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போகும் வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது.

"க்ளான்மக்நாய்ஸ்ல அந்த முட்டை சாண்ட்விச். வேணுமா வேண்டாமா?"

"அது ஒண்ணுமில்லீங்க, பரவாயில்லை..."

"யூஜின்."

"வேணும்."

"பணியாரம்?"

"வேணும்."

"குடை?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது அட்ராக்டா. ஏழு நாள் ஒரு மனுஷனைப் பட்டினி போட்டு மழையில நனைய விட்டிருக்கேனே, ஏன் என்கிட்ட சொல்லலைன்னு கேட்டாள். சொல்லாமலிருப்பதுதான் மரியாதை என்று எப்படி விளக்குவது. அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு, "கிறிஸ்துமஸுக்கு வரீங்களா?" என்றாள். என்னை என்ன செய்தால் தகும். "உங்களுக்கு வீண் சிரமம்..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. அவள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு" என்றாள். வண்டிக்காரன் ஒலிப்பானை அடித்தான். ஏறிப் போய்விட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. ஆகவே நான் முடிவாக ஒன்று தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு எந்த வருத்தமும் இல்லை. க்ரோனிங்கனுக்கு நான் போவதாகவும் இல்லை. தட்டை நிலம், கால்வாய், குளிர், அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இனிமேல் அவளாகவே கூப்பிட்டு மூன்றாவது தடவை கேட்டாலும், மாட்டேன் என்று பொட்டில் அடித்த மாதிரி சொல்லிவிடுவதாகத் தீர்மானித்திருக்கிறேன். இந்த ஒன்பது நாளும் நான் வீட்டைவிட்டு நகரவில்லை என்றால் அது மழையால். நீ எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம், கடிதமே போடு, லைன் காலியாக இருந்தால் நல்லது, கால்நடை டாக்டர் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். இனி எனக்குப் பரிசு எதுவும் வாங்காதே. இருக்கிறபடியே இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கு அது பழக்கம்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தம். புனித பிரிஜிட் உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் காக்கட்டும், உன் கூரையாவது நல்லபடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத உன் அண்ணன்,
யூஜின் ட்ரேசி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு நாக்கை நீட்டி ஒட்டப் போகும்போது ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன், அந்தப் பக்கம் யார் என்று கேட்கக்கூட இல்லை, "வரேன்" என்று கத்திவிட்டேன். நம் பங்குத்தந்தை. கிறிஸ்துமஸ் குடில் ஊர்வலத்தில் கழுதையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டுமாம். பதினோரு வருஷமாக மாட்டேன் என்று சொல்லி வந்தவன் முதல் தடவையிலேயே வரேன் என்றதும், அவர், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். வைத்துவிட்டு யோசித்தேன். ஒரு கழுதைக்கு ஒரே தடவையில் சரி சொல்ல முடிகிறதே. பஸ்ஸில் நாங்கள் மாற்றிக்கொண்ட எண்ணைத் தேடி எடுத்து, நானே க்ரோனிங்கனுக்குப் போட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"நான் இன்னும் மூணாவது தடவை கேக்கலையே" என்றாள்.

"நீங்க கேக்க வேண்டாம். நான் வரேன். எனக்கு வரணும்."

அவள் சொன்னாள், "மூணாவது தடவை உங்க வாயால வரணும்னு காத்திருந்தேன். ஒன்பது நாளா இந்த ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், யூஜின். ரொட்டி வாங்கக்கூடப் போகல."

டிசம்பர் பதினெட்டாம் தேதி புறப்படுகிறேன். மேலே எழுதியதில் தட்டை நிலம், கால்வாய் பற்றிய பகுதியைப் படிக்காதே. பங்குத்தந்தைக்கு நீயே பாஸ்டனிலிருந்து ஒரு ஃபோன் போட்டு, கழுதைக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிவிடு. எனக்கு இப்போ மாட்டேன்ங்கிற வார்த்தை வாயில வரமாட்டேங்குது.