இதுவும் ஒரு காயமோ?

வன்னியில் யானை உண்டு, குரங்கு உண்டு, காயம் பார்க்கும் அண்ணைமாரும் உண்டு. முதல் இரண்டும் பயிரை அழித்துவிட்டுப் போய்விடும். மூன்றாவது இனம் ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் நகராது.

இவர் டொக்டர் அல்ல. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பஞ்சு பிடித்தவரும் அல்ல. ஆனால் ரோட்டில் எவனாவது விழுந்தால் தூசி அடங்குமுன் வந்து நிற்பார். சாரத்தை மடித்துக் கட்டுவார். "விலத்துங்கோ, காத்து வரட்டும்" என்று எல்லாரையும் விலத்திவிட்டு, அந்தக் காற்று வருகிற வழியில் தானே குந்திக்கொள்வார்.

இவரிடம் இருப்பவை இரண்டே தீர்ப்புகள். ரத்தம் ஓடினால், "ஆள் தப்பாது." ஓடாவிட்டால், "இதுவும் ஒரு காயமோ?" நடுவில் ஒன்றும் கிடையாது. விழுந்தவன் கத்தினால் முதல் தீர்ப்பு உறுதி, பேசாமல் இருந்தால் இரண்டாவது உறுதி. மோட்டார் சைக்கிளின் முன்சில்லு எவ்வளவு நெளிந்திருக்கிறது என்று பார்த்து ஆளின் ஆயுளைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதும் உண்டு. ஆஸ்பத்திரியிலோ நாடி, பிரஷர், மூச்சு என்று ஒவ்வொன்றாக அளந்து, கண்ணைத் திறக்கிறாரா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, கைகாலை அசைக்கிறாரா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, அதன் பிறகும் "இப்போது ஒன்றும் சொல்ல முடியாது" என்கிறார்கள். இதைக் கண்டால் இவருக்குச் சிரிப்பு வரும். "சாகக் கிடக்கிறவனுக்கு என்ன, சோதினையே வைக்கினம்?"

தீர்ப்புப் பிழையாகப் போனால்? போகாது. தப்பாது என்று இவர் சொன்ன ஆள் எழும்பி வந்தால், "நான் அப்பிடிச் சொன்னபடியாத்தான் டொக்டர்மார் பயந்து பாத்தவை." ஒன்றுமில்லை என்று இவர் சொன்ன ஆள் போய்ச்சேர்ந்தால், செத்தவீட்டில் முதல் கதிரையில் இருந்துகொண்டு, "அண்டைக்கே முகத்தில ஒரு மாதிரித் தெரிஞ்சது, நான்தான் வாய் திறக்கேல்லை."

எங்கள் முரசுமோட்டைப் பொன்னையா அண்ணை இந்த இனத்தில் முதல்தரம். எங்கே படித்தீர்கள் என்று அவரைக் கேட்டுவிடாதீர்கள். "ஷெல்லடிக்கேக்கை நிண்டு தூக்கினனாங்கள்" என்பார். அது பொய்யில்லை. சிக்கலே அதுதான். சண்டையின் கடைசி மாதங்களில் அவர் தோளில் சுமந்து போனவர்கள் பலர். தோளிலேயே உயிர் போனவர்களும் உண்டு. எல்லாரும் அவருடைய கண்முன்னே ரத்தம் ஓடி ஓடித்தான் போனார்கள். அதை நினைத்தால் எனக்குக் கேலி வராது. ஆனால் அண்ணையின் படிப்பு அன்றோடு முடிந்துவிட்டது. வெளியே தெரியாத எதையும் அவர் இன்றுவரை காயமென்று ஒப்புக்கொள்வதில்லை.

போன சிறுபோக அறுவடை. வழக்கம்போல ரோட்டில் பாதியை மறித்து நெல்லுக் காயப்போட்டிருந்தார்கள். அந்த நெல்லில் சறுக்கி விழுந்தார்கள், மோட்டார் சைக்கிளில் வந்த பிரதீபனும் பின்னால் இருந்த தம்பி சுதாகரனும். சுதாகரனுக்கு மண்டை வெடித்து, ரத்தம் நெற்றியில் இறங்கி, கண்ணை மூடி, வாயில் வழிந்து, வெள்ளைச் சேர்ட்டை நனைத்து, கீழே கிடந்த நெல்லையும் சிவப்பாக்கியது. "ஐயோ அம்மா, நான் சாகப்போறன்" என்று அவன் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது.

"ஆள் தப்பாது," என்றார் பொன்னையா அண்ணை. "எண்டாலும் ஏத்துங்கோ."

யாரோ சால்வையைக் கிழித்துத் தலையில் கட்டினார்கள். யாரோ ஓட்டோவை மறித்தார்கள். நாலு பேர் அவனைத் தூக்க, எட்டுப் பேர் தூக்குகிறவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். ஹோர்னை அமத்தியபடி ஓட்டோ கிளிநொச்சிப் பக்கம் பறந்தது.

பிரதீபன் மதகில் இருந்தான். ஹாண்டில் வயிற்றில் இடித்ததாம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனுடைய மனைவி தாட்சாயினி ஓடிவந்து கையைத் தொட்டபோது கை குளிர்ந்து கிடந்தது.

"அண்ணை, இவற்றை முகம் வெளிறிப் போச்சு. அம்புலன்ஸுக்கு அடிப்பமே?"

"இதுவும் ஒரு காயமோ, பிள்ளை? ரத்தத்தைக் கண்ட பயம். சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி குடு."

"தோளும் நோகுதாம்."

"வயித்தில இடிச்சதுக்குத் தோள் நோகுதெண்டால், அது நடிப்பு."

கூட்டம் சிரித்தது. தேத்தண்ணியும் வந்தது. தாட்சாயினி அதைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "நீங்கள் சொன்னது இருக்கட்டும் அண்ணை. நான் அடிக்கிறன்."

அம்புலன்ஸில் வந்த பெண் நாடியைப் பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், உடனே அவனைப் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். பிரதீபனுக்கு உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தது. உடம்பின் ரத்தம் சத்தமில்லாமல் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தோள் நொந்ததும் அதனால்தான். ஒப்பரேஷன் செய்து, பை பையாக ரத்தம் ஏற்றித்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். சுதாகரனுக்குச் சில தையல். அன்று பின்னேரமே வாட்டுக் கட்டிலில் இருந்தபடி தேத்தண்ணியில் தோய்த்துப் பணிஸ் சாப்பிட்டான்.

பார்வையாளர் நேரத்தில் பொன்னையா அண்ணை தோடம்பழத்தோடு வந்தார். "முகம் வெளிறினதை முதல் கண்டது நானெல்லோ," என்றார். தாட்சாயினி "ஓம் அண்ணை" என்று பழத்தை வாங்கி வைத்தாள். அதற்குள் அவர் அடுத்த கட்டில்காரரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் இரண்டு பேர் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். ஓட்டோ புறப்பட்டபோது மற்றவன் எங்கே என்று நீங்கள் தேடினீர்களா? எங்கே தேடினீர்கள்? சுதாகரனோடு சேர்ந்து நீங்களும் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டீர்கள்.