குட்டியின் தூக்கமும் எதிர்பார்த்தவரும்

உலகத்தில் எது நடந்தாலும் அதை முன்பே எதிர்பார்த்துவிடுகிற ஓர் இனம் உண்டு. மழை பெய்தாலும் எதிர்பார்த்திருப்பார்கள், பெய்யாவிட்டாலும் எதிர்பார்த்திருப்பார்கள். அந்த இனத்தில் சிறந்த ஒருவரைக் காட்டுகிறேன். மெதுவாக வாருங்கள், ஆடு படுத்திருக்கிறது.

தாய் ஆட்டுக்குத் தூக்க மருந்து ஏற்றினால் வயிற்றிலிருக்கும் குட்டியின் தூக்கம் என்ன ஆகும்? இதுதான் நம் பேராசிரியரின் ஆராய்ச்சி. பிறக்கும் முன்பே குட்டி தூக்கம் போன்ற ஒரு நிலைக்குப் போகும், வரும். அதன் மூளை அலைகள் திரையில் ஓடும். மருந்து ஏற்றியபின் அலை நிதானமானால், "எதிர்பார்த்ததுதான், மருந்து குட்டிக்கும் போயிருச்சு" என்பார். அலை துள்ளினால், "எதிர்பார்த்ததுதான், அம்மா அசந்தா பிள்ளை ஆட்டம் போடத்தானே செய்யும்" என்பார். ஒன்றுமே ஆகாவிட்டால்? அதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக எதிர்பார்த்திருந்தார். வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது இதையே சொல்லி மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அன்று கமிட்டி வந்திருந்தது. சோதனைக்கூடத்தை மூடுவதா, இன்னும் ஒரு வருஷம் விடுவதா என்று அன்றே சொல்லிவிடுவார்கள். மூடினால் பேராசிரியர் பழையபடி முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளையின் பாகங்களை வரைந்து காட்டப் போகவேண்டும்.

"பாருங்க, மருந்து ஏத்தினதும் குட்டி எப்படி அசந்து தூங்குது. எதிர்பார்த்ததுதான்."

ஆட்டின் பக்கத்தில் நின்ற கால்நடை மருத்துவர் தொண்டையைச் செருமினார். "சார், குழாய்ல கிளிப்பைத் திறக்க மறந்துட்டேன். மருந்து இன்னும் பாட்டில்லயேதான் இருக்கு."

ஆடு அசை போட்டது.

"அதுவும் எதிர்பார்த்ததுதான்," என்றார் பேராசிரியர். "மருந்து இல்லாம எப்படித் தூங்குதுன்னு முதல்ல பாக்கணும்ல?"

கமிட்டித் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இப்ப கிளிப்பைத் திறக்கட்டும். குட்டி என்ன செய்யும்? முன்னாடியே சொல்லிடுங்க."

முன்னாடியேவா! எட்டு வருஷ ஆராய்ச்சியில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. திரையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், ஆடும் அவரைப் பார்த்தது. தூங்கும் என்று சொல்லி அது துள்ளிவிட்டால்? துள்ளும் என்று சொல்லித் தூங்கிவிட்டால்? தவளைகள் வரிசையாகக் கண்முன் வந்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்கு... தெரியலம்மா."

தலைவி சிரித்துவிட்டார். "அப்ப உங்க ஆராய்ச்சி இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஒரு வருஷம் எடுத்துக்குங்க."

கமிட்டி படியிறங்கியதும் மருத்துவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தப்பிச்சோம் சார்."

பேராசிரியர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இதுல என்ன இருக்கு? எதிர்பார்த்ததுதான்."

என்ன, அவர் கடைசியில் இதைத்தான் சொல்வார் என்று உங்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டதா? அப்படியானால் பேராசிரியரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறேன். உங்களுக்கும் இடம் வேண்டுமே.